கேளுங்கள், சொல்கிறோம்: கியர் ராடு குட்டையானால்…

மாஸ்டா எம்எக்ஸ்-5. அமெரிக்காவிலும் கனடாவிலும் மியாட்டா, ஜப்பானில் தொடக்கத்தில் யூனோஸ் ரோட்ஸ்டர். 1989 முதல் 2005 வரை வந்த முதல் இரண்டு தலைமுறை கார்களில் 'ஷார்ட் ஷிஃப்டர்' (கியர் மாற்றக் கை நகரும் தூரத்தைக் குறைக்கும் ராடு கிட்) மாட்டுவது பற்றி வந்த கேள்விகள்தான் இந்த இதழில் அதிகம். அதனால் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம். கடைசியில் வேறு காருக்கான கேள்வி ஒன்றும் உண்டு.

கேள்வி: கிட் பெட்டியில் 'கை நகரும் தூரம் 30 சதவீதம் குறையும்' என்று போட்டிருக்கிறார்கள். கியர்பாக்ஸையே பிரிக்காமல் இது எப்படி முடிகிறது? (சிங்கப்பூர் வாசகர்)

பதில்: கியர் ராடு ஒரு நெம்புகோல். நடுவில் உள்ள பந்துதான் அதன் ஆதாரம். பந்துக்கு மேலே உங்கள் கை, பந்துக்குக் கீழே உள்ள நுனி கியரைத் தள்ளும் தண்டைப் பிடித்திருக்கும். மேல்பகுதி 200 மி.மீ., கீழ்ப்பகுதி 40 மி.மீ. என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நுனி 10 மி.மீ. நகர வேண்டுமென்றால் கை 50 மி.மீ. நகர வேண்டும். கீழ்ப்பகுதியை 52 மி.மீ. ஆக நீட்டினால் கை சுமார் 38 மி.மீ. நகர்ந்தாலே போதும். கிட் செய்வது இவ்வளவுதான். ஒன்று, பந்துக்குக் கீழே ராடு நீளும். இல்லையென்றால் அடியில் ஒரு ஸ்பேசர் தட்டு வைத்துப் பந்தையே உயர்த்துவார்கள்.

ஆனால் தூரம் குறைந்தால் பளு கூடும். முன்பு கையில் 3 கிலோ அழுத்தம் கொடுத்தால் நுனியில் 15 கிலோ கிடைத்தது. அதே 15 கிலோவுக்கு இனி 3.9 கிலோ அழுத்த வேண்டும். உள்ளே இருக்கும் சிங்க்ரோ வளையத்துக்கு ராடு குட்டையான செய்தி தெரியாது. இரண்டு கியர்களின் வேகத்தையும் சமப்படுத்த அதற்கு அதே அழுத்தமும் அதே நேரமும் வேண்டும். கை சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடும். சிங்க்ரோ தன் வேலையை முடிக்கும்வரை அங்கே காத்திருக்க வேண்டும். கீழே வரும் எல்லாப் பதில்களும் கடைசியில் இந்த இடத்துக்குத்தான் வந்து நிற்கும்.

ராடின் தலையை மட்டும் அறுத்துக் குட்டையாக்கி விற்பவர்களும் உண்டு. அதிலும் தூரம் குறையும், பளு கூடும். ஆனால் ராடு சாயும் கோணம் அப்படியே இருக்கும், கைப்பிடியும் ஸ்டீயரிங்கை விட்டு இன்னும் கீழே போய்விடும். அந்தக் காசுக்கு அது தகாது.

கேள்வி: என்னுடையது 1.8 லிட்டர், 5 கியர். கூழ் கிண்டுவது போல ராடு எல்லாப் பக்கமும் ஆடுகிறது. ஷார்ட் ஷிஃப்டர் போட்டால் கெட்டிப்படுமா? (கோலாலம்பூர் வாசகர்)

பதில்: ராடு நீளமாக இருப்பதால் அது ஆடவில்லை, புஷ் தேய்ந்ததால் ஆடுகிறது. இந்தக் காரில் ராடு நேராக கியர்பாக்ஸின் தலையிலேயே உட்கார்ந்திருக்கிறது. நடுவில் கேபிளும் கிடையாது, இணைப்புத் தண்டும் கிடையாது. புதிதாக இருந்தபோது இந்தக் காரின் கியரை உலகமே புகழ்ந்ததற்கு இதுதான் காரணம். ராடின் நுனியில் விரல்நுனி அளவுக்கு ஒரு நைலான் புஷ் தொப்பி போல மாட்டியிருக்கும். இருபது முப்பது வருடச் சூட்டில் அது மஞ்சளாகி, விரிந்து, சில கார்களில் துண்டு துண்டாகவே வரும்.

இன்ஜினை நிறுத்திவிட்டு 3-ஆம் கியரில் போட்டு, கைப்பிடியை இரண்டு விரலால் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். தடையே இல்லாமல் விரற்கடை தூரம் போய் வந்தால் புஷ் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். நைலான் புஷ், மேல் ரப்பர் பூட் (ராடைச் சுற்றி மூடும் உறை), கீழ் ரப்பர் பூட், அலை வாஷர் (அலை போல வளைந்த ஸ்பிரிங் வாஷர்) ஆகிய நான்கையும் புதிதாக வாங்குங்கள். கூடவே ஆயிலையும் மாற்றுங்கள். மாற்றியபின் ஒரு மாதம் ஓட்டுங்கள். பாதிப் பேருக்கு அதற்குமேல் கிட் தேவைப்படாது என்பது எங்கள் கருத்து. அப்போதும் ஆசை விடவில்லையென்றால் தாராளமாகப் போடுங்கள். கெட்டியான அஸ்திவாரத்தில் போட்டதாக இருக்கும். தேய்ந்த புஷ்ஷின் மேல் போட்டால் ஆட்டம் குறையாது. கீழ்ப்பகுதி நீண்டிருப்பதால் கைக்குச் சற்றுக் குறைந்தது போலத் தெரியும், அவ்வளவுதான்.

கேள்வி: வீட்டுக் கராஜில் நானே மாட்டப்போகிறேன். 5 கியர் கார். முதலிலிருந்து சொல்லுங்கள். (டொராண்டோ வாசகர்)

பதில்: 5 கியர் பெட்டிக்கும் இரண்டாம் தலைமுறையில் சில மாடல்களில் வந்த 6 கியர் பெட்டிக்கும் ராடு வேறு வேறு. முதலில் பெட்டியில் எந்த கிட் இருக்கிறது என்று பாருங்கள். நிதானமாகச் செய்தால் இரண்டு மணி நேர வேலை. காரைத் தூக்கத் தேவையில்லை, எல்லாம் உள்ளே உட்கார்ந்தே செய்யலாம்.

தேவையானவை: 10, 12 எண் பாக்ஸ் ஸ்பேனர், எக்ஸ்டென்ஷன், ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், நோஸ் பிளையர், 50 மி.லி. சிரிஞ்ச், அதன் முனையில் மாட்ட ஒரு சாண் ரப்பர் குழாய், நூல் உதிராத சுத்தமான துணி, கொஞ்சம் கிரீஸ், 75டபிள்யூ-90 ஜிஎல்-4 (முன்னது கெட்டித்தன்மை, பின்னது தரக் குறியீடு) கியர் ஆயில் அரை லிட்டர். புது புஷ், பூட்கள், வாஷர் பற்றி மேலே சொல்லியாகிவிட்டது. கிட்டிலேயே இவையெல்லாம் வரும் என்று நம்பி உட்காராதீர்கள், பலவற்றில் ராடு மட்டும்தான் இருக்கும்.

இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். ராடுக்கு நேர் கீழே கியர்பாக்ஸ், பக்கத்தில் சைலன்ஸர் குழாய். இரண்டும் கையைச் சுட்டுவிடும். சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் வையுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். கழற்றத் தொடங்குமுன் 3-ஆம் கியரிலும் 4-ஆம் கியரிலும் கைப்பிடி நிற்கும் இடத்தை ஸ்கேல் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் எவ்வளவு குறைந்தது என்று பெட்டியைப் பார்க்காமலே தெரிந்துவிடும்.

கைப்பிடி இடப்பக்கம் சுற்றினால் கழன்று வரும். அடுத்து, இருக்கைகளுக்கு நடுவில் ராடைச் சுற்றியுள்ள கன்சோல். ஆஷ்ட்ரேக்கு அடியிலும், பின்பெட்டிக்குள்ளும், இரு பக்கங்களிலும் ஸ்க்ரூ இருக்கும். எல்லாவற்றையும் எடுத்தும் கன்சோல் அசையவில்லையென்றால் இன்னும் ஒரு ஸ்க்ரூ பாக்கி இருக்கிறது என்று அர்த்தம், இழுக்காதீர்கள். ஹேண்ட்பிரேக்கை முழுதாக மேலே தூக்கினால்தான் கன்சோல் வெளியே வர இடம் கிடைக்கும். பவர் விண்டோ சுவிட்ச் கன்சோலிலேயே உள்ள கார்களில் அடியில் கனெக்டர் மாட்டியிருக்கும். அதைக் கழற்றிவிட்டுத் தூக்குங்கள்.

இப்போது பெரிய ரப்பர் பூட் தெரியும். நான்கு 10 எண் போல்ட். அதற்குக் கீழே சின்ன பூட், ஒரு இரும்புத் தட்டோடு மூன்று 12 எண் போல்ட்டில் நிற்கும். போல்ட்டில் கை வைக்கும் முன் சுற்றிலும் உள்ள தூசியையும் மண்ணையும் துணியால் துடைத்தெடுங்கள். அடுத்த நிமிடம் திறக்கப்போவது கியர்பாக்ஸின் வாய். மூன்றையும் கழற்றி ராடை நேராக மேலே இழுத்தால், கறுத்த ஆயில் சொட்டச் சொட்ட வரும். ஓட்டையை உடனே துணியால் மூடுங்கள். உள்ளே ஒரு வாஷர் விழுந்தால் இரண்டு மணி நேர வேலை இரண்டு நாள் வேலையாகிவிடும்.

வெளியே வந்த ராடைப் பாருங்கள். நுனியில் புஷ் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. உள்ளே ராடின் நுனி உட்காரும் கிண்ணத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். டார்ச் அடித்து நோஸ் பிளையரால் எடுங்கள். உடைந்திருந்தால் துண்டுகளைச் சேர்த்து வைத்து முழு வட்டம் வருகிறதா என்று சரிபாருங்கள். வாஷர், பந்து உட்காரும் வளையம் எந்த வரிசையில் இருந்தன என்பதைப் பிரிக்கும்போதே போனில் படம் எடுத்து வையுங்கள்.

5 கியர் பெட்டியில் ராடு உட்காரும் குழிக்குத் தனி ஆயில். கீழே உள்ள 2 லிட்டர் கியர் ஆயிலை மாற்றினாலும் இது மாறாது. பல கார்களில் தொழிற்சாலையில் ஊற்றிய ஆயிலே இன்னும் கிடக்கும். சிரிஞ்சால் முழுதாக உறிஞ்சி எடுத்துவிட்டுப் புது ஆயில் 80 முதல் 95 மி.லி. ஊற்றுங்கள். அதிகம் ஊற்றினால் பூட் வழியாகக் கசியும். குறைத்து ஊற்றினால் நுனி காய்ந்து கரகரக்கும்.

புது ராடின் நுனியில் புது புஷ்ஷை அழுத்தி மாட்டி, பந்தில் மெல்லிய கிரீஸ் பூசி, பந்தில் உள்ள காடி குழிக்குள் இருக்கும் பின்னில் உட்காரும்படி இறக்குங்கள். சரியாக இறங்கியிருந்தால் ராடு தன்னைத்தானே சுற்றாது. அலை வாஷரை மறக்காமல் போட்டு, தட்டை வைத்து, மூன்று போல்ட்டையும் முதலில் விரலால் முடுக்குங்கள். பிறகு மாறி மாறி, சுமார் 10 நியூட்டன் மீட்டருக்கு மேல் போகாமல் இறுக்குங்கள். எதிர்ப்பக்கம் அலுமினியம். நீளக் கைப்பிடி ராட்செட்டில் 'இன்னும் கொஞ்சம்' என்று ஒரு இழு இழுத்தால் மரை கையோடு வந்துவிடும். ஸ்பேசர் உள்ள கிட் என்றால் அதோடு வந்த நீள போல்ட்டைத்தான் போட வேண்டும். பழைய குட்டை போல்ட்டில் இரண்டு மூன்று மரைதான் பிடிக்கும், கொஞ்ச நாளில் பிய்ந்து வரும்.

கன்சோலை மூடுமுன் சோதனை. இன்ஜின் ஓடாமல், கிளட்சை மிதித்துக்கொண்டு எல்லா கியரையும் ரிவர்ஸையும் போடுங்கள். சில கியர் விழ மறுக்கும். பற்கள் நேருக்கு நேர் நிற்கின்றன, அவ்வளவுதான். கட்டையை எடுத்துவிட்டுக் காரை ஓரடி தள்ளி மறுபடி போட்டால் விழும். 2, 4, ரிவர்ஸ் மூன்றிலும் ராடு தகரத்தின் விளிம்பில் இடிக்கிறதா என்று விரல் விட்டுப் பாருங்கள். பிறகு இன்ஜினை ஓடவிட்டு நின்ற இடத்திலேயே ஒரு முறை. எல்லாம் சரியென்றால் பெரிய பூட், கன்சோல். கடைசியாகக் கைப்பிடி: இதன் மரை 10 மி.மீ. விட்டம், 1.25 மி.மீ. புரி. வேறு புரியுள்ள கைப்பிடியை வலுக்கட்டாயமாகத் திருகினால் புது ராடின் மரை நாசம்.

கேள்வி: கிட் மாட்டி ஒரு வாரம். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது கைப்பிடியில் ஈ ரீங்காரம் போல ஒரு சத்தம். ஆக்சிலரேட்டரை விட்டால் சில நேரம் 3-ஆம் கியர் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. இரண்டும் ஒரே கோளாறா? (மெல்போர்ன் வாசகர்)

பதில்: இரண்டும் வேறு. ரீங்காரத்துக்கு முதல் சந்தேகம் அலை வாஷர்: போடாமல் விட்டிருக்கலாம், அல்லது தட்டையாகிப்போன பழையதையே போட்டிருக்கலாம். பந்தை மேலிருந்து அழுத்திப் பிடிப்பது அந்த வாஷர்தான். பிடி இல்லாவிட்டால் கியர்பாக்ஸின் அதிர்வு அப்படியே கைக்கு ஏறும். நைலானுக்குப் பதில் பித்தளை புஷ் தரும் கிட் என்றால் கொஞ்சம் சத்தம் வரத்தான் செய்யும். தினசரி ஓட்டும் காருக்கு நைலானே போதும்.

கியர் கழல்வதைத் தள்ளிப்போடாதீர்கள். கியர் பாதி மட்டும் விழுந்து, பற்களின் விளிம்பு மட்டும் பிடித்து ஓடுகிறது. ஒவ்வொரு முறை கழலும்போதும் அந்த விளிம்பு உருண்டையாகத் தேயும். பிறகு பழைய ராடைத் திரும்ப மாட்டினாலும் நிற்காது. மூன்று இடங்களைப் பாருங்கள். கீழ் பூட் முறுக்கிக்கொண்டு ராடைப் பின்னால் இழுக்கிறதா? ராடின் கழுத்து கன்சோல் விளிம்பில் முட்டி முழு தூரம் போகாமல் நிற்கிறதா? நீண்ட நுனி கிண்ணத்தின் அடியில் தட்டுகிறதா? கடைசிச் சந்தேகத்துக்கு ஒரு வழி: நுனியில் கொஞ்சம் களிமண் ஒட்டி இறக்கி, போல்ட்டை மெதுவாக இறுக்கிவிட்டு மறுபடி எடுத்துப் பாருங்கள். களிமண் காகிதமாக நசுங்கியிருந்தால் இடம் போதவில்லை. ஸ்பேசர் விட்டுப்போயிருக்கலாம், அல்லது அந்த கிட் உங்கள் பெட்டிக்கானது அல்ல. சரிசெய்யும்வரை காரை எடுக்க வேண்டாம்.

கேள்வி: கிட் போட்டதிலிருந்து கன்சோல் பக்கம் சூடாக இருக்கிறது, ஆயில் வாடையும் வருகிறது. (லண்டன் வாசகர்)

பதில்: பூட் கிழிந்திருக்கிறது, அல்லது சரியாக உட்காரவில்லை. பழைய ரப்பரைக் கழற்றி மாட்டும்போதே அது விரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, இழுத்துப் பார்த்தால் தெரியும். இரண்டு பூட்களையும் மாற்றுங்கள்.

கேள்வி: காலையில் முதல் பத்து நிமிடம் 2-ஆம் கியர் விழவே அடம்பிடிக்கிறது. முன்பும் கொஞ்சம் இருந்தது, ஷார்ட் ஷிஃப்டருக்குப் பிறகு கூடிவிட்டது. (வான்கூவர் வாசகர்)

பதில்: குளிரில் ஆயில் கெட்டியாக இருக்கும். சிங்க்ரோ வளையம் முதலில் அந்த ஆயில் படலத்தைக் கிழித்துக்கொண்டு கூம்பைப் பிடிக்க வேண்டும். 1-க்கும் 2-க்கும் உள்ள வேக வித்தியாசமே மற்ற எந்தப் பக்கத்து கியர்களைவிடவும் அதிகம். அதனால்தான் 2 மட்டும் முதலில் முரண்டு பிடிக்கிறது. முன்பு நீள ராடு அந்த எதிர்ப்பை மறைத்தது, இப்போது அது நேராக உள்ளங்கைக்குத் தெரிகிறது.

கீழ் ஆயிலை மாற்றுங்கள்: 5 கியர் பெட்டிக்கு 2 லிட்டர், நல்ல செயற்கை 75டபிள்யூ-90, ஜிஎல்-4. ஜிஎல்-5 ஆயில் டிஃபரன்ஷியலுக்கு அருமையானது. ஆனால் அதில் உள்ள வழுக்கும் ரசாயனம் சிங்க்ரோவுக்குத் தேவையான உராய்வையும் சேர்த்துக் குறைத்துவிடக்கூடும். ஊற்றும் பிளக் கழல்கிறதா என்று பார்த்த பிறகே வடிக்கும் பிளக்கைத் திறங்கள். வடித்தபின் மேல் பிளக் கழலவில்லையென்றால் கார் அங்கேயே நின்றுவிடும்.

ஆயில் மாற்றியும் கரகரத்தால் கிளட்சைச் சோதியுங்கள். இன்ஜின் ஐடிலில் ஓட, கிளட்சை முழுதாக மிதித்து ஐந்து நொடி காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். சத்தம் வந்தால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. இந்தக் கார்களில் கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் (மிதியின் அழுத்தத்தைக் கிளட்சுக்குக் கொண்டுசேர்க்கும் ஹைட்ராலிக் சிலிண்டர்) கசிவது வழக்கமான கோளாறு. இதற்கு ஷிஃப்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

கேள்வி: 5-லிருந்து 4-க்கு இறக்கும்போது 2-இல் விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. கை பழக எத்தனை நாளாகும்? (கோலாலம்பூர், வேறொரு வாசகர்)

பதில்: அந்தப் பயம் நியாயமானது. முன்பின் தூரம் மட்டுமல்ல, பல கிட்களில் பக்கவாட்டு தூரமும் குறைகிறது. 5 கியர் பெட்டியில் 5-ஆம் கியர் விகிதம் 0.814, 2-ஆம் கியர் 1.888. 5-இல் 4,000 ஆர்பிஎம் ஓடும்போது 2-இல் விழுந்து கிளட்சை விட்டால் இன்ஜின் சுமார் 9,280 ஆர்பிஎம்முக்கு இழுக்கப்படும். சிவப்புக் கோடோ 7,000-ஐ ஒட்டித்தான். ரெவ் லிமிட்டரால் காப்பாற்ற முடியாது. அது பெட்ரோலைத்தான் நிறுத்தும், இங்கே இன்ஜினைச் சுற்றுவது சக்கரம். வால்வு ஸ்பிரிங்கும் கனெக்டிங் ராடு பேரிங்கும் அந்த ஒரு நொடியில் போகலாம்.

பெரும்பாலும் கைப்பிடியை முஷ்டியால் இறுக்கிப் பிடித்து, போகவேண்டிய பக்கத்தை நாமே ஊகித்துத் தள்ளுவதால் வரும் தவறு இது. நியூட்ரலில் விட்டால் ராடு தானாகவே 3-4 வரிசைக்கு வந்து நிற்கும், ஸ்பிரிங் உள்ளே இருக்கிறது. அதை வேலை செய்ய விடுங்கள். 5-இலிருந்து விரல்களைக் கொக்கி போல வளைத்து நியூட்ரலுக்கு நேராக இழுங்கள். பக்க அழுத்தம் துளியும் கூடாது. ஒரு கணம் பிடியைத் தளர்த்துங்கள், ராடு தானாக நடுவுக்கு வரும். பிறகு நேர் பின்னால், 4. அதே போல 2-லிருந்து 3-க்கு விரித்த உள்ளங்கையால் முன்னே தள்ளி, நியூட்ரலில் தளர்த்தி, மறுபடி முன்னே. மலேசியா போல வலப்பக்க ஸ்டீயரிங் என்றால் 5 உங்கள் பக்கம், 1-2 வரிசை எதிர்ப்பக்கம். இடப்பக்க ஸ்டீயரிங் காரில் இது தலைகீழ். காரை மாற்றி ஓட்டுபவர்கள் இதில் தனிக் கவனம் வைக்க வேண்டும்.

இன்னொன்று காலுக்கு. கை இப்போது காலை முந்திவிடும். கிளட்ச் அடியைத் தொடுமுன் கியர் பாதி வழி போயிருக்கும், அங்கேதான் கரகர. முதல் இரண்டு வாரம் 4,000 ஆர்பிஎம்முக்கு மேல் மாற்றாதீர்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் இரண்டு அசைவாகச் செய்யுங்கள். முதலில் ராடைக் கியரின் வாசலில் சாய்த்து நிறுத்துங்கள். உள்ளே மெல்லிய எதிர்ப்பு ஒன்று இருக்கும். அது கரைந்து வழிவிடும் கணம் உள்ளங்கைக்குத் தெளிவாகத் தெரியும். அப்போது தள்ளுங்கள். பழகப் பழக இரண்டு அசைவும் ஒன்றாகிவிடும். நாள் கணக்கு சொல்வதற்கில்லை. 3-4 மாற்றத்தின்போது கையை நினைக்காமல் ரோட்டை நினைக்கிறீர்கள் என்றால் பழகிவிட்டது.

கேள்வி: கனமான இரும்புக் கைப்பிடி போட்டால் இந்தப் பளு குறையுமா? (சிங்கப்பூர், அதே வாசகர்)

பதில்: குறைந்தது போலத் தெரியும். நகரத் தொடங்கிய எடை தன் வேகத்திலேயே எதிர்ப்பைத் தாண்டும். ஆனால் 3-ஆம் கியர் ஏற்கெனவே கழலும் காரில் போடாதீர்கள். குலுக்கலில் அந்த எடையே ராடை இழுத்துவிடும். ஓட்டும்போது கையைக் கைப்பிடியில் ஓய்வாக வைக்கும் பழக்கமும் இதைத்தான் செய்கிறது. உள்ளே கியரைத் தள்ளும் ஃபோர்க் (கவை) சுழலும் வளையத்தை ஓயாமல் உரசிக்கொண்டிருக்கும்.

கேள்வி: என்னிடம் இருப்பது முன்சக்கரத்தில் ஓடும் ஹேட்ச்பேக். கரி மோட்டார் ஸ்பீட்வேயில் அவ்வப்போது ஓட்டுகிறேன். இதற்கும் இப்படி உண்டா? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: உண்டு, ஆனால் வழி வேறு. உங்கள் காரில் ராடு கேபினில், கியர்பாக்ஸ் இன்ஜினுக்குப் பக்கத்தில், நடுவில் இரண்டு கேபிள். ஒன்று முன்பின் தள்ள, மற்றொன்று வரிசை தேர்ந்தெடுக்க. கியர்பாக்ஸ் முனையில் கேபிள் மாட்டும் கையைக் குட்டையானதாக மாற்றினால் அதே கேபிள் நகர்வுக்கு அது அதிகம் திரும்பும், உங்கள் கை குறைவாக நகர்ந்தால் போதும். பளு இங்கேயும் கூடும்.

அதற்கு முன் கேபிள் முனைகளில் உள்ள ரப்பர் புஷ்ஷைப் பாருங்கள். ஒருவர் உள்ளே கியர் போட, இன்னொருவர் பானட்டைத் திறந்து பார்த்தால் போதும். கியர்பாக்ஸின் கை அசையும் முன்பே கேபிள் முனை புஷ்ஷுக்குள் நெளிந்தால், உங்கள் கைத்தூரத்தில் ஒரு பங்கு அந்த ரப்பரிலேயே வீணாகிறது. கெட்டியான புஷ் போட்டு, கேபிளை நியூட்ரலில் மறுபடி அட்ஜஸ்ட் செய்துவிட்டு ஒரு நாள் டிராக்கில் ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகும் குட்டைக் கை வேண்டுமென்று தோன்றினால், இரண்டு மூன்று துளைகள் உள்ளதாக வாங்கி, பழைய நீளத்துக்கு மிக நெருக்கமான துளையில் தொடங்குங்கள்.